தப்பாகிப்போன காந்தாரம்

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. ஏழு வயதிலிருந்து பாட்டு கற்றுக்கொள்கிறாள். போகும்போதெல்லாம் ஏதாவது பாடச் சொல்வேன். கொஞ்ச நேரம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு அவளாகவே பாடுவாள். இந்த முறை தோடி வர்ணம் எடுத்தாள். இரண்டு ஆவர்த்தனம்கூடத் தாண்டவில்லை, எனக்கு என்னவோ போல இருந்தது. சுருதி விலகவில்லை, தாளம் சரி. ஆனால் காந்தாரம் வருகிற இடத்திலெல்லாம் குரல் விறைத்துக்கொண்டு நின்றது. தோடியின் காந்தாரம் அப்படி நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஊஞ்சலாடுகிற ஸ்வரம் அது. அதை அசையாமல் நிறுத்தினால் வேறு ஏதோ ராகத்துக்காரன் வாசலில் வந்து நிற்பது போல இருக்கும்.

"என்னம்மா, காந்தாரத்த அசைக்கவே மாட்டேங்கற?"

"அசைச்சா தப்பாயிடுது மாமா."

"யாரு சொன்னா?"

போனை எடுத்துக் காட்டினாள். ஒரு செயலி. திரையில் படுக்கை வாட்டில் இருபத்திரண்டு கோடுகள். பாடினால் ஒரு பச்சைப் புள்ளி ஓடும். கோட்டின் மேல் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. ஆன்லைனில் பாடம் எடுக்கிற அவளுடைய டீச்சர் இதை வாங்கச் சொல்லியிருக்கிறார். தோடி காந்தாரத்தின் 'சுத்தமான' இடம் 32/27, அதாவது 294 சென்ட். இவளுடையது 'சிதறுகிறது' என்று மூன்று வாரமாகத் திருத்திக்கொண்டிருக்கிறாராம். திருந்திவிட்டது. தோடிதான் போய்விட்டது.

டீச்சரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் தானாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் நம்புவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். அந்த நம்பிக்கை இப்படிப் போகும்: நம் இசையில் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள். ஒவ்வொன்றுக்கும் துல்லியமான பின்னம் உண்டு. இது பல்லாயிரம் ஆண்டு ரகசியம். மேற்கத்தியர்கள் ஸ்தாயியைப் பன்னிரண்டாகச் சமமாக வெட்டி ஸ்வரங்களைக் கெடுத்துவிட்டார்கள், நாம்தான் இயற்கையின் விகிதத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். வடமொழிப் பற்றுள்ளவர் என்றால் இதைப் பரதர் சொன்னதாகச் சொல்வார். தமிழ்ப் பற்றுள்ளவர் என்றால் இளங்கோ சொன்னதாகச் சொல்வார். 432 ஹெர்ட்ஸ் கேட்டால் உடம்பு குணமாகும் என்கிற வாட்ஸாப் கோஷ்டியும் இதே தெருவில்தான் குடியிருக்கிறது. அவர்களை இப்போது விட்டுவிடுவோம்.

நான் வித்வான் இல்லை. எட்டு வருடம் வீணை கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன். கொஞ்சம் கணக்குத் தெரியும். இந்த நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை என்பதால்தான் மறு பாதிப் பொய் இத்தனை காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி. உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? பெட்டிச் சுருதியைச் சொல்லவில்லை, மரத் தம்புரா. ஒரு தந்தி ஒலிக்கும்போது அதன் அதிர்வு மட்டும் கேட்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் உள்ளுக்குள் மெலிதாகக் கேட்கும். பஞ்சமத்தை 3/2இல் வைத்தால் ஸட்ஜமத்தின் மூன்றாம் மடங்கும் பஞ்சமத்தின் இரண்டாம் மடங்கும் ஒரே இடத்தில் விழும். கொஞ்சம் தள்ளி வைத்தால் 'வாவ் வாவ்' என்று ஓர் அலை. பிருடையைத் திருகத் திருக அந்த அலை மெதுவாகி, மெதுவாகி, ஒரு கணத்தில் நின்றுபோகும். அந்தக் கணத்தை ஒருமுறை கேட்டவனுக்கு விகிதம் என்பது யாரோ புத்தகத்தில் எழுதிய விஷயமாக இருக்காது. இன்னும் கேளுங்கள்: மந்தர ஸட்ஜமத் தந்தியில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும். அது ஐந்தாம் மடங்கு. 5/4 அங்கிருந்துதான் வருகிறது. கீபோர்டில் இருக்கும் காந்தாரம் இதைவிட 14 சென்ட் தூக்கல். (சென்ட் என்பது ஸ்தாயியை 1200 கூறாகப் போட்டால் ஒரு கூறு. கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே நூறு.) தம்புராவைப் போட்டுக்கொண்டு கீபோர்டின் காந்தாரத்தை நீளமாக அழுத்திப் பாருங்கள், பல்லில் மணல் கடிபட்டது போல இருக்கும். "அதெல்லாம் காதுக்குத் தெரியாது சார்" என்று சொல்கிற கீபோர்டு கட்சிக்கு இது ஒன்றே போதும். அவர்களிடம் எனக்கு வேறு பேச்சு இல்லை.

ஆகவே ச, ப, ம, அந்தர காந்தாரம் என்று நீட்டி நிறுத்துகிற ஸ்வரங்களுக்குக் காதே சாட்சி. இதுவரை சரி. இங்கிருந்து 22க்கு எப்படிப் போனார்கள் என்பதில்தான் வில்லங்கம்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே பிடிபடும். ஒரு புள்ளி வையுங்கள், அது ஸட்ஜமம். வலப்பக்கம் ஓர் எட்டு நகர்ந்தால் 3/2ஆல் பெருக்க வேண்டும்: பஞ்சமம். இடப்பக்கம் ஓர் எட்டு என்றால் வகுக்க வேண்டும்: மத்யமம். மேலே ஓர் எட்டு 5/4, அந்தர காந்தாரம். கீழே ஓர் எட்டு 8/5, சுத்த தைவதம். ஸ்தாயியைத் தாண்டினால் இரண்டால் பெருக்கியோ வகுத்தோ உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் விதி. இப்போது வலப்பக்கம் நான்கு எட்டு போங்கள்: ப, ரி, த, பிறகு காந்தாரம். இந்தக் காந்தாரம் 81/64. மேலே ஓர் எட்டில் கிடைத்த காந்தாரம் 5/4. இரண்டும் ஒன்றில்லை. நடுவில் 81/80, அதாவது 22 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம்மவர்கள் பிரமாண சுருதி என்று எடுத்துக்கொண்ட அளவு இதுதான்.

சரி, வலப்பக்கமாகவே பன்னிரண்டு எட்டு போனால்? எல்லாப் பாடப் புத்தகமும் மறுபடி ஸட்ஜமத்துக்கு வந்துவிடுவோம் என்று வட்டம் போட்டுக் காட்டும். வர மாட்டோம். பன்னிரண்டு முறை 3/2ஆல் பெருக்கினால் 129.746. ஏழு ஸ்தாயி ஏறினால் 128. மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படைதான் வரும். இரண்டைப் பெருக்கினால் இரட்டைப்படைதான் வரும். ஒற்றை எந்த ஜென்மத்தில் இரட்டை ஆகும்? எந்த ரிஷியும் எந்தப் புலவரும் இந்த வட்டத்தை மூடியிருக்க முடியாது. அது வட்டமே இல்லை, சுருள். கோலத்திலும் அதே கதை. எந்தத் திசையில் எவ்வளவு போனாலும் முன்பு வைத்த புள்ளியின் ஸ்வரம் திரும்பக் கிடைக்காது. புள்ளிகளுக்கு முடிவு கிடையாது. எங்காவது வெட்டியே ஆக வேண்டும். வெட்டுகிறவன் மனிதன்.

நம் பாடப் புத்தகங்களின் 22 பின்னங்களையும் இந்தக் கோலத்தில் வைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நடுவில் நீள வரிசையாகப் பன்னிரண்டு புள்ளிகள், இடக்கோடியில் 256/243, வலக்கோடியில் 729/512. அதற்கு மேல் வரிசையில் ஐந்து: 10/9, 5/3, 5/4, 15/8, 45/32. கீழ் வரிசையில் ஐந்து: 16/15, 8/5, 6/5, 9/5, 27/20. காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே உருவம். பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளின் இடைவெளிகளை அளந்தால் மூன்றே அளவு: 22, 70, 90 சென்ட். இதைப் பார்த்து ஒருவர் மயங்கினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஓர் இரவு முழுக்க மயங்கியவன்தான். விடிந்ததும்தான் கேட்கத் தோன்றியது: மேலே ஐந்தோடு ஏன் நிறுத்தினார்கள்? நான்கு ஏன் இல்லை, ஆறு ஏன் இல்லை? இரண்டாவது மேல் வரிசை ஏன் இல்லை? பதில் ஒன்றுதான். கூட்டினால் 22 வர வேண்டும். எண் முதலில் வந்தது, புள்ளிகளைப் பிறகு பொறுக்கினார்கள். பொறுக்கியவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. சில பட்டியல்களில் 729/512 இருக்கிற இடத்தில் 64/45 உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கோலத்தை ஐரோப்பாவில் 1739இல் ஆய்லர் தன் இசைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள் அதை விரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே அதற்கு வேலை இருந்தது. அந்தக் கட்டத்தில் பக்கத்துப் பக்கத்து மூன்று புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம், ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கார்டு. ச-க-ப ஒரு முக்கோணம். அதிலிருந்து பக்கத்து முக்கோணத்துக்குத் தாவுவதுதான் அவர்களுடைய பாட்டின் நடை. தாவித் தாவிப் போகும்போது தொடங்கிய இடத்துக்குச் சுத்தமாகத் திரும்ப முடியாது என்பது அவர்களுக்குப் பெரிய தலைவலி. சமமாகப் பன்னிரண்டு கூறு போட்டதெல்லாம் அந்தத் தலைவலிக்குத் தேடிய மருந்து. நம் பாட்டில் முக்கோணம் எங்கே இருக்கிறது? நமக்கு ஸட்ஜமம் ஒன்று, அது ஆடாது. எல்லா ஸ்வரமும் நேராக அதைப் பார்த்துத்தான் நிற்கிறது. தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. சக்கரத்துக்கு எதற்கய்யா கட்டம் போட்ட வரைபடம்?

"அப்படியானால் ஆரக்கால்கள் இருபத்திரண்டு இருக்கட்டுமே" என்பார்கள். இருக்கட்டும், எண்ணிப் பார்ப்போம். ஆரக்கால் உண்மை என்றால் தம்புராவுக்கு எதிரில் பாடிக் காதால் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். 3/2ஐப் பிடிக்கலாம். 4/3, 5/4, 5/3, 6/5 ஆகியவற்றைப் பயிற்சி உள்ளவர்கள் பிடிப்பார்கள். 9/8க்குப் பஞ்சமத் தந்தி துணை இருக்கிறது. 729/512ஐ எப்படிப் பிடிப்பது? ஸட்ஜமத்தின் 729ஆம் மடங்கும் இந்த ஸ்வரத்தின் 512ஆம் மடங்கும் ஒத்துப்போவதைக் கேட்க வேண்டும். ஒரு பெண் பாடகியின் ஸட்ஜமம் 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சந்திப்பு நடப்பது 1,45,800 ஹெர்ட்ஸில். மனிதக் காது இருபதாயிரத்தோடு கடையைச் சாத்திவிடும். வௌவாலுக்கு வேண்டுமானால் பிரதி மத்யமம் சுத்தமாக இருக்கிறதா என்று தெரியலாம். ஒவ்வொரு தந்தியாகப் பஞ்சமம் கூட்டிக்கொண்டே போய் ஒரு வாத்தியத்தில் அந்த இடத்தைச் செய்து காட்ட முடியும், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் பாடுகிற குரலுக்கு அந்த ஏணி கிடையாது. ஸட்ஜமத்துக்குப் பக்கத்துப் புள்ளிகளுக்குக் காது சாட்சி. தூரத்துப் புள்ளிகளுக்குப் பேனா மட்டுமே சாட்சி. அந்தப் பேனாக் கணக்கை வைத்துக்கொண்டுதான் ஒரு குழந்தையின் குரலுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கிறோம்.

வாத்தியம் என்றதும் வீணைக்கு வர வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த விஷயம் உறைத்தது அங்கேதான். என் வீணையில் மெழுகு இளகி மேளம் கலைந்துபோனபோது தஞ்சாவூரில் ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மேளம் கட்டுவது என்றால், தண்டியின் இருபுறமும் கறுப்பு மெழுகை ஏற்றி, அதன் மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்து, மீட்டி, நகர்த்தி, அழுத்தி உட்கார வைப்பது. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. எனக்கு அப்போது புத்தகப் பைத்தியம். பின்னங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, ரெண்டாவது மெட்ட எங்க வெக்கணும்ங்கற?"

"9/8ல ஐயா. சதுஸ்ருதி ரிஷபம்."

"ஒம்பதாவது?"

"5/3ல. சதுஸ்ருதி தைவதம்."

அவர் சாரணியில் ஒன்பதாவது மெட்டை மீட்டினார், தைவதம். அப்புறம் பஞ்சமத் தந்தியில் இரண்டாவது மெட்டை மீட்டினார், அதுவும் தைவதம், ஒரு ஸ்தாயி கீழே. இரண்டும் சேரவில்லை. உரசின.

சேராது. மெட்டு நேர்க்கோடு, நான்கு தந்திக்கும் ஒரே மெட்டுதான். பஞ்சமத் தந்தியில் 9/8 வைத்தால் கிடைப்பது 3/2ஐ 9/8ஆல் பெருக்கிய 27/16. சாரணியில் நான் கேட்டது 5/3. நடுவில் அதே 81/80. ஒன்பதாவது மெட்டை 27/16க்கு நகர்த்தினால் மத்யமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவில் சுத்தம் போய்விடும். இரண்டாவது மெட்டை 10/9க்கு இறக்கினால் ரிஷபத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் 27/20 வந்து நிற்கும். சுவரில் ஒரு பக்கம் ஓட்டையை அடைத்தால் மறுபக்கம் தண்ணீர் வருகிற வீடு. ஆய்லரின் கோலம் மூடாது என்பதை ஒரு பித்தளை மெட்டும் கொஞ்சம் மெழுகும் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

பெரியவர் என்ன செய்தார்? இரண்டு தந்தியையும் மாறி மாறி மீட்டிக்கொண்டே மெட்டை ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் தள்ளினார். இரண்டு தந்தியுமே கொஞ்சம் முணுமுணுத்தன, ஒன்றுமே கத்தவில்லை. "மிச்சத்த விரல் பாத்துக்கும்" என்றார். தந்தியை இழுத்தால் ஸ்வரம் ஏறும். வீணையில் கமகம் என்பதே அந்த இழுப்பு. சுத்தம் மெட்டில் இல்லை, வாசிக்கிறவன் விரலில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். தாளை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அப்படியானால் இந்தப் பின்னங்கள் எங்கிருந்து வந்தன? நாட்டிய சாஸ்திரத்தில் 22 சுருதி உண்டு. பரதர் இரண்டு வீணைகளை ஒன்றுபோல் சேர்த்து, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைப் படிப்படியாக ஒவ்வொரு சுருதியாக இறக்கிக் காட்டச் சொல்கிறார். காதால் செய்கிற சோதனை. ஒரு பின்னம்கூட அதில் கிடையாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் குரலுக்கு நான்கு, துத்தத்துக்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு என்று அலகு எண்ணுகின்றன. கூட்டினால் 22. அங்கேயும் பின்னம் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டின் சங்கீத பாரிஜாதம் தந்தியின் நீளத்தைப் பகுத்து ஸ்வரங்களுக்கு இடம் சொல்கிறது. 22 பின்னங்களின் பட்டியல் அதிலும் இல்லை. அதே நூற்றாண்டில் தஞ்சாவூரில் உட்கார்ந்து 72 மேளம் போட்ட வேங்கடமகியின் கணக்கு நிற்பது பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களின் மேல்.

22க்கும் பின்னங்களுக்கும் கல்யாணம் செய்து வைத்த முக்கியமான ஆட்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறார்கள். தேவல் என்கிற ஓய்வுபெற்ற துணை கலெக்டர் 1910இல் ஒரு சிறு நூல் போட்டார். அவருடைய சோதனைகளுக்கு அப்துல் கரீம் கானே உதவினார். கிளமென்ட்ஸ் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி 1913இல் இன்னொரு நூல் எழுதி, அந்தச் சுருதிகளுக்கென்றே ஒரு ஹார்மோனியமும் செய்ய வைத்தார். நான் இதை வெள்ளைக்காரன் சதி என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் இந்த இசையின் மேல் உண்மையான பிரியம் வைத்திருந்தவர்கள். ஆனால் வேடிக்கையைக் கவனியுங்கள்: ஹார்மோனியம் நம் ஸ்வரங்களைக் கெடுக்கிறது என்று நிரூபிக்க அவர்கள் கொண்டுவந்தது இன்னொரு ஹார்மோனியம். கட்டைகள் கூடியதே தவிர, ஒரு கட்டையிலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போக அதிலும் வழி கிடையாது. (1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை வெளியே தள்ளியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. கட்டைகளைக் கூட்டியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்ன!)

1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்கு தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் போனார், தன் பெண்களையும் அழைத்துக்கொண்டு. 22 இல்லை, 24 என்றார். எல்லாம் சம அளவு என்றார். மறு வருடம் வந்த 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல் இதற்காக வாதாடுகிறது. வட்டப்பாலையின் பன்னிரண்டு இராசிக்கும் இரண்டிரண்டு அலகு, ஆக 24. மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று என்று பின்னம் போட்டுக்கொண்டே போனால் மேல் ஸட்ஜமத்துக்கு வந்து சேர மாட்டீர்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த இடத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வட்டம் மூடாது என்று பார்த்துவிட்டு, மூட வைப்பதற்காகச் சமமாக வெட்டினார். முப்பது வருடம் கழித்து, 1947 ஜூனில், விபுலானந்தர் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேற்றினார். அவரும் சிலப்பதிகாரத்தைத்தான் எடுத்துக்கொண்டார், 22 அலகையும் விகிதங்களாகக் கணக்கிட்டார். அடுத்த மாதமே காலமானார். இரண்டு பேரும் மேதைகள். இரண்டு பேர் கையிலும் ஒரே நூல், ஒரே உரைகள். ஒருவருக்கு 24 சமக் கூறு, மற்றவருக்கு 22 பின்னங்கள். மூலத்தில் எண் இருந்திருந்தால் இது நடக்குமா? ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு ஸ்வரத்தின் பெயரைச் சூட்டி வட்டமாகக் கைகோத்து ஆட விடுகிறார் இளங்கோ. அந்தப் பெண்களின் கால் இடைவெளியை நாடா வைத்து அளக்கப் போனது நாம்தான்.

இனி கடைசிக் கேள்வி. நூல்களில் இருக்கிறதோ இல்லையோ, பாடுகிறவர்கள் அந்த இடங்களில்தானே நிற்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜைராஸ்பாயும் ஸ்டோனும் 1963இலேயே இந்துஸ்தானி கலைஞர்களின் ஒலிப்பதிவுகளை அளந்து எழுதினார்கள். ஒரே ஸ்வரம் கலைஞருக்குக் கலைஞர் மாறியது. ஒரே கலைஞர் ஒரே ராகத்தில் வாசிக்கும்போதும் மாறியது. அதுவும் நம்மைவிட ஸ்வரத்தை நீட்டி நிறுத்துகிற சங்கீதம். தோடி காந்தாரமோ இருநூறு சென்ட்டுக்கும் மேல் ஊசலாடும். 32/27க்கும் 6/5க்கும் உள்ள தூரம் 22 சென்ட். பத்தடி ஊஞ்சலில் ஆடுகிறவளிடம் போய், நீ ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாய், அதனால்தான் ஆட்டம் தப்பு என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? தோடியைத் தோடியாக்குவது ஊஞ்சலின் வேகம், எந்தப் பக்கம் கொஞ்சம் தங்குகிறது, எங்கிருந்து புறப்படுகிறது என்பதெல்லாம். அந்தச் செயலியில் இவை எதற்கும் கோடு கிடையாது.

'நம் சங்கீதம் நுட்பமானது' என்று பெருமைப்பட நமக்கு இந்தப் பட்டியல் தேவைப்படுகிறது, அதனால்தான் அதை விட மனசு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கமகத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டால் ரீல்ஸில் எடுபடாது. 729/512 என்றால் எடுபடும். பெருமைப்பட்டுவிட்டுப் போங்கள். அதைக் கொண்டுபோய்ப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தொண்டையில் கட்டாதீர்கள் என்பதுதான் என் சண்டை.

அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனோம். போனைக் கீழேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அக்கா வீட்டில் ஒரு பழைய தம்புரா பரணில் கிடந்தது, ஒரு தந்தி அறுந்துபோய். மிச்ச மூன்றைச் சேர்த்துக்கொடுத்தேன். முதலில் பஞ்சமத்தை மட்டும் பாடச் சொன்னேன், அலை நிற்கும்வரைக்கும். அவளுக்கே அது தெரிந்தது, கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாள். அந்தர காந்தாரத்தையும் அப்படியே தேடிப் பிடித்தாள். பிறகு தோடி.

முதல் நான்கு தடவை காந்தாரம் விறைத்துக்கொண்டேதான் வந்தது. ஐந்தாவது தடவை கொஞ்சம் இளகியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாடின மாதிரி இன்னும் வரவில்லை.

"டீச்சர் கேட்டா என்ன சொல்றது மாமா?"

"உங்க அம்மாகிட்ட நான் பேசறேன்."

பேசினேன். செயலிக்கு ஒரு வருடச் சந்தா கட்டியாகிவிட்டது, திருப்பித் தர மாட்டார்களாம். டீச்சரிடம் யார் பேசுவது என்று அக்காவும் அத்தானும் இன்னும் முடிவு செய்யவில்லை.